சட்டமன்றத்தில் ஒரு சட்டம் உருவாகும் வழியும் அதில் நாம் நுழையும் இடங்களும்: முழுமையான வழிகாட்டி

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றத்தில் பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தைத் தமிழ்நாட்டுக்காகத் திருத்தும் மசோதா அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. '12 மணி நேர வேலை' என்று மறுநாள் பேப்பரில் பார்த்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு மசோதா இருந்ததே தெரிந்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இதை மக்கள் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்வது சரிதான். ஆனால் அதே ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் விவாதமின்றி நிறைவேறியது. பெரிய திட்டங்களுக்காக, நீர்நிலைகளும் அடங்கிய அரசு நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்பு மசோதா அது. விவசாய அமைப்புகளும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தொழிற்சங்கங்களைப் போல மாநிலம் முழுக்க ஓரிரவில் திரளும் பலம் இல்லை. அது சட்டமாகிவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மசோதா பேரவைக்குள் இருக்கும் அந்தச் சில நாட்களை மட்டும் நம்பினால் சாதாரண மனிதருக்கு இடமே கிடைக்காது. நமக்கான கதவுகள் பெரும்பாலும் அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. அந்தக் கதவுகள் எவை, எப்போது திறக்கும், உள்ளே போனால் என்ன பேசுவது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து.

முதலில் ஒரு சின்ன வேலை: யாருடைய அதிகாரம்?

உங்கள் பிரச்சினைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. காவல்துறை, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், விவசாயம், நிலம் போன்றவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ரயில்வே, வங்கி, பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில். கல்வி, வனம், தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில். கல்வியும் வனமும் 1976-ல் கொண்டுவரப்பட்ட 42-ஆவது திருத்தத்துக்கு முன்பு மாநிலப் பட்டியலில்தான் இருந்தன.

பொதுப் பட்டியல் விஷயத்தில் மாநிலச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால்தான் மாநிலச் சட்டம் இங்கே செல்லும். நீட் விலக்கு மசோதா டெல்லி வரை போக வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டியதற்கு எம்.பி.யிடம் போய் நிற்கும் அலைச்சல் மிச்சம்.

மசோதா வருவதற்கு முன்பே அதைப் பிடிப்பது

எந்த மசோதாவும் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு துறை வரைவு தயாரிக்கும், சட்டத் துறை சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும், அதற்கப்புறம்தான் பேரவைக்கு வரும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் தடயங்கள் வெளியே தெரியும். தேட வேண்டிய இடங்கள் மூன்று.

முதல் இடம் ஆளுநர் உரை. ஆண்டின் முதல் கூட்டத்தொடர் அதோடுதான் தொடங்கும். அமைச்சரவை எழுதித் தரும் உரை என்பதால் அரசின் திட்டம் அதில் இருக்கும். ஆனால் பொதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை வாசித்துவிட்டு நகரலாம்.

இரண்டாவது இடம்தான் தங்கச் சுரங்கம். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது) விவாதம் நடக்கும். ஒவ்வொரு துறையும் தன் நாளில் 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்ற புத்தகத்தைப் பேரவையில் வைக்கும். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் ஆவணங்கள் பகுதியில் ஆண்டுவாரியாக, துறைவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. துறையின் சட்டங்கள், நிலுவைப் பணிகள், செலவுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அமைச்சர் விவாதத்துக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது வெளியிடும் 'புதிய அறிவிப்புகள்' தனியாக வரும். 'சட்டத்தில் உரிய திருத்தம் கொண்டுவரப்படும்' என்று எங்காவது ஒரு வரி இருந்தால், அதை அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்தொடர்களில் எங்கோ ஒரு மசோதா வரப்போகிறது என்று அர்த்தம். துறைக்கு எழுத இதைவிட நல்ல நேரம் கிடையாது. வரைவு இன்னும் இறுகியிருக்காது. ஒரு வார்த்தையை மாற்ற ஓர் அதிகாரியின் பேனா போதும். பேரவைக்கு வந்துவிட்டால் அதே வார்த்தையை மாற்ற அரசு தன் கௌரவத்தையே விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடும்.

மூன்றாவது இடம் அரசு அமைக்கும் குழுக்கள். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் கொண்டுவந்த முதல் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. பொதுமக்களிடம் மின்னஞ்சலில் கருத்து கேட்டார்கள், பத்தாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தது. அதை ஆதாரமாகக் காட்டித்தான் அவசரச் சட்டமும், 2022 அக்டோபரில் மசோதாவும் வந்தன. உங்கள் ஒரு மின்னஞ்சல் சட்டத்தின் அடித்தளத்தில் ஒரு செங்கல்லாக இருக்கும் வாய்ப்பு இப்படித்தான் வருகிறது. இப்படியான அறிவிப்புகள் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் செய்திக்குறிப்பாகவும் நாளிதழில் சின்ன விளம்பரமாகவும் வரும். கடைசித் தேதியை முதலில் பாருங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

ஒன்றிய அரசுக்கு 2014 முதல் ஒரு கொள்கை இருக்கிறது: மசோதாக்களைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்துக் கருத்து கேட்க வேண்டும் என்பது அது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவோ எல்லா அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும்: மக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கை வகுக்கும்போது அது தொடர்பான எல்லா விவரங்களையும் தாமாகவே வெளியிட வேண்டும். இந்தப் பிரிவை மேற்கோள் காட்டி 'வரைவை இணையத்தில் வெளியிடுங்கள்' என்று துறைச் செயலாளருக்கு எழுதுவது நியாயமான, சட்டப்படியான கோரிக்கை.

கூட்டத்தொடர் நாட்காட்டி

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் விதி. எத்தனை நாள் கூட்டம், எந்த நாளில் எந்தத் துறை என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். அந்த அட்டவணை வந்த அன்றே உங்கள் துறையின் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பத்து நாள் முன்பு உங்கள் எம்.எல்.ஏ. கையில் குறிப்பு போய்ச் சேரும்படி பாருங்கள். மசோதாக்கள் கடைசி நாட்களில் கொத்தாக வரும் வழக்கம் இருக்கிறது. ஆகவே கூட்டத்தொடரின் இறுதி வாரம் முழுக்கக் கண்ணை மூடாதீர்கள்.

மசோதாவின் நகலைக் கையில் எடுப்பது

பேரவையில் இதற்குச் 'சட்டமுன்வடிவு' என்று பெயர். பத்திரிகையில் மசோதா. இரண்டும் ஒன்றுதான், ஆனால் தேடும்போது முதல் சொல்லைப் போடுங்கள். சட்டமன்றப் பேரவையின் இணையதளத்தில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். தமிழ்நாடு அரசிதழிலும் வரும்: பகுதி 4, பிரிவு 1 என்றால் சட்டமுன்வடிவுகள். பகுதி 4, பிரிவு 2 என்றால் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். அரசிதழை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். எண்ணையும் ஆண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ. அலுவலகத்திலோ தலைமைச் செயலகத்திலோ 'அந்த வாடகை மசோதா' என்றால் யாருக்கும் புரியாது, எண் சொன்னால் கோப்பே எழுந்து வரும்.

வாசிப்பது எப்படி

இங்கேதான் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள். நானும் முதல் தடவை ஒரு திருத்த மசோதாவைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இன்ன பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக, இன்ன சொற்கள் இடப்படும்' என்று மட்டும் இருக்கும். கதையின் நடுவிலிருந்து நாலு வார்த்தையைக் கிழித்துக் கொடுத்த மாதிரி. வழி ஒன்றுதான். மூலச் சட்டத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து, திருத்தத்தைப் பென்சிலால் அதன் மேலேயே எழுத வேண்டும். எழுதி முடித்துப் பிறகு புதிய பிரிவை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் திருத்த மசோதாவையே அப்படிப் படித்துப் பார்ப்போம். அது 65-அ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. எந்தத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலை வகைக்கும், 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். எண்களாகப் படித்தால் ஒன்றுமே தோன்றாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். 51 என்றால் வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு. 52 என்றால் வார விடுமுறை. 54 என்றால் நாளுக்கு 9 மணி நேரம். 55 என்றால் வேலைக்கு நடுவே ஓய்வு. 56 என்றால் ஓய்வையும் சேர்த்து ஒரு நாள் வேலை எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்பது. 59 என்றால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆறு எண்களுக்குள் ஒரு தொழிலாளியின் முழு நாளும் வாரமும் அடங்கியிருந்தது. 'விலக்கு' என்ற ஒற்றைச் சொல்லில்தான் அந்த மசோதாவின் உயிர் இருந்தது. இதை எழுதிக் கூட்டிப் படித்த யாரும் ஏப்ரல் 12 அன்று, அது அறிமுகமான நாளிலேயே, ஆபத்தைக் கண்டிருக்க முடியும். ஒன்பது நாள் கையில் இருந்தது.

அதனால் எந்த மசோதாவிலும் சில சொற்களை விடாமல் தேடுங்கள். 'செய்யலாம்' என்பது அதிகாரிக்குத் தரப்படும் விருப்பம், 'செய்ய வேண்டும்' என்பது அவர் மீதான கடமை. உங்களுக்கு ஒரு உரிமை தரும் பிரிவில் 'லாம்' இருந்தால் அந்த உரிமை அவ்வளவு உறுதியானது இல்லை. 'வகுத்துரைக்கப்பட்டவாறு' என்று வந்தால், விவரம் சட்டத்தில் இல்லை, பின்னால் வரும் விதியில் இருக்கும் என்று பொருள். 'அரசு அறிவிக்கை மூலம்' என்று வந்தால், அந்த முடிவு மறுபடி பேரவைக்கு வராமலே எடுக்கப்படலாம். வரையறைப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

கடைசிப் பக்கத்தில் 'நோக்கக் காரண விளக்கவுரை' இருக்கும். அரசு தன் வாயால் சொல்லும் காரணம் அது. அவசரம் என்றால் முதலில் அதைப் படியுங்கள். அதில் சொன்ன காரணத்தைவிட மசோதாவின் பிரிவுகள் அகலமாகப் போகின்றனவா என்று ஒப்பிடுங்கள். போகின்றன என்றால் உங்கள் மனுவின் முதல் பத்தி எழுதியாகிவிட்டது.

எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது

பேரவையில் 234 உறுப்பினர்கள். 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லை, அதனால் இந்த ஓர் அவையில் நிறைவேறினால் வேலை முடிந்தது. மறுபரிசீலனைக்கு இரண்டாவது அவை கிடையாது. கேரளத்தில் 1980 முதல் இருப்பதுபோல, மசோதாக்களைத் துறைவாரியாக அலசும் குழு முறையும் நம்மிடம் இல்லை. இது பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம். அதனாலேயே ஒரு தனி எம்.எல்.ஏ. எழுப்பும் கேள்விக்கு இங்கே மதிப்பு கூடுதல்.

'மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் அண்ணே' என்று ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.விடம் போய்க் கேட்பதில் பயன் இல்லை. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அவரால் செய்ய முடிந்ததைக் கேளுங்கள். துறை அமைச்சரிடம் நேரில் சொல்லச் சொல்லலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு நிமிடம் பேசச் சொல்லலாம். கேள்வி நேரத்துக்கு வினா எழுதித் தரலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் இன்னும் கொஞ்சம் போகலாம்: குறிப்பிட்ட பிரிவுக்குத் திருத்தம் கொடுக்கச் சொல்லலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம், மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு (அந்த ஒரு மசோதாவை அலசுவதற்கென்றே அமைக்கப்படும் உறுப்பினர்கள் குழு) அனுப்பக் கோரச் சொல்லலாம். இந்தக் கடைசிக் கோரிக்கை பெரும்பாலும் தோற்கும். தோற்றாலும் அவைக்குறிப்பில் பதிவாகும். பின்னாளில் சட்டத்தின் நோக்கம் பற்றி வாதம் வரும்போது அந்தப் பதிவைத் தேடி எடுக்கலாம்.

தொகுதி அலுவலகத்துக்குப் போகும்போது ஒரே ஒரு பக்கம். உதவியாளரிடம் ஒரு நகல், எம்.எல்.ஏ. கையில் ஒரு நகல். இப்படி இருக்கலாம்:

*மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.*
*பொருள்: சட்டமன்றப் பேரவைச் சட்டமுன்வடிவு எண் … / 20… , பிரிவு 4 தொடர்பாக.*
*நான் நம் தொகுதியில் … ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்தச் சட்டமுன்வடிவின் 4-ஆம் பிரிவில், அறிவிப்புக் காலம் 30 நாளிலிருந்து 7 நாளாகக் குறைக்கப்படுகிறது. நம் தொகுதியில் … பகுதியில் உள்ளவர்கள் பெரும்பாலும் வெளியூரில் வேலை செய்கிறார்கள். ஏழு நாளில் அறிவிப்பு அவர்கள் கைக்கே வராது.*
*எனவே '7 நாட்கள்' என்பதற்குப் பதிலாக '30 நாட்கள்' என்று திருத்தம் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்பாகத் தாங்கள் அமைச்சரிடம் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளை இணைத்துள்ளேன்.*

இதில் இருப்பது கற்பனையான ஒரு பிரிவு. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண், பிரிவு, அது நம் தொகுதியில் யாரை எப்படித் தொடும், என்ன சொல்லை என்னவாக மாற்ற வேண்டும், அவர் அப்படியே எழுந்து கேட்கக்கூடிய கேள்வி. 'இந்த மசோதா மக்கள் விரோதமானது' என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் நினைவுபடுத்துங்கள். சங்கடப்பட வேண்டாம், அது தொல்லையில்லை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை இணையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட்ட 2022-ல் அறிவித்தார்கள். அந்தத் தீர்மானம் பேரவையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தனி மனிதரின் கையெழுத்து ஊரின் கையெழுத்தாகிவிடுகிறது. அதைக் கையில் வாங்கும் எம்.எல்.ஏ.வுக்கு வித்தியாசம் தெரியும்.

பேரவைக்குள் நடப்பதைப் பார்ப்பது

மசோதா மூன்று கட்டமாகப் போகும். அமைச்சர் அறிமுகம் செய்வார். பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள், பொது விவாதமும் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பும் நடக்கும். கடைசியில் நிறைவேற்றக் கோருவார். 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று பேரவைத் தலைவர் கேட்டு முடிப்பதற்குள் பல பிரிவுகள் தாண்டிப் போயிருக்கும். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது. முழு நடவடிக்கையும் நேரலையாக வர வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது, அதற்கும் நாம் குரல் கொடுக்க வேண்டும். நேரில் பார்க்க விரும்பினால் எம்.எல்.ஏ. மூலம் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்கலாம். பேரவை நடத்தை விதிகளில் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் அறிவிப்பு வெளியிட்டால் அதன் மீது விவாதம் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு வேறு, சட்டம் வேறு.

மனுக்கள் குழு

இது பலருக்குத் தெரியாத, ஆனால் நேரடியாக மக்களுக்கென்றே இருக்கும் கதவு. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும். வருவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், தேதியும் கையெழுத்தும் போட்டு, ஐந்து நகல்களாக, 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009' என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று வழக்கமாகக் கேட்பார்கள். பல நாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், வேலை கேட்பது, முதியோர் உதவித்தொகை, பட்டா, வங்கிக் கடன் போன்ற தனிநபர் கோரிக்கைகள் எடுத்துக்கொள்ளப்படாது. நிறைய மனுக்கள் இந்தக் காரணத்தாலேயே ஓரம் போகின்றன. தெருவிளக்கு, குப்பை, பேருந்து மூன்றையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், மூன்று மனுவாக எழுதுங்கள்.

ஆளுநரிடம் போன பிறகு

அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவுதான் இங்கே பேசும். ஆளுநர் ஒப்புதல் தரலாம், பண மசோதா அல்லாததைக் குறிப்போடு திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம். திருப்பி அனுப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18 அன்று பேரவை சிறப்பாகக் கூடி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. பிறகு அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்துக் கால வரம்பும் சொன்னது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் இல்லை, ஆனால் ஆளுநர் காரணமின்றிக் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது என்று கருத்துரைத்தது.

நம்மைப் பொறுத்தவரை இந்தக் கட்டத்தில் செய்ய அதிகம் இல்லை. கண்காணிப்பதுதான் வேலை. பேரவை கலைக்கப்பட்டால் பேரவையில் நிலுவையில் உள்ள மசோதா காலாவதியாகும். பேரவை நிறைவேற்றி ஆளுநர் ஒப்புதலுக்குக் காத்திருப்பது காலாவதியாகாது. இந்த வித்தியாசத்தை மறந்து 'தேர்தல் வந்துவிட்டது, மசோதா போயிற்று' என்று தப்பாகச் செய்தி பரப்பாதீர்கள்.

சட்டமான பிறகு

ஆளுநர் கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் விலகிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது. ஏனென்றால் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வருவது விதிகள் வழியாகத்தான். எந்தப் படிவம், என்ன கட்டணம், எத்தனை நாளில் பதில், யாரிடம் மேல்முறையீடு எல்லாம் விதியில்.

முதலில் நடைமுறைக்கு வரும் தேதியைப் பாருங்கள். 'அரசு அறிவிக்கும் நாளில்' என்று சட்டம் சொன்னால் அந்த நாள் வரை அது தூங்கும். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ஐச் சேர்ந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-ல்தான். அந்த இடைவெளியில் விதிகள் உருவாகின்றன. நாம் தூங்கக் கூடாத காலமும் அதுதான்.

விதிகளை முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தால் வரைவு விதி அரசிதழில் வரும், ஆட்சேபணைகளும் யோசனைகளும் அனுப்பக் கடைசித் தேதியோடு. வந்தவற்றை அரசு பரிசீலித்தாக வேண்டும். வாய்ப்பு மிக நல்லது, எழுதுபவர்கள்தான் குறைவு. விதி எண்ணை எழுதி, இருக்கும் வாசகத்தை ஒரு பக்கமும், நீங்கள் கேட்கும் வாசகத்தை மறுபக்கமும், கீழே ஒரு வரிக் காரணமும் போட்டு அட்டவணையாக அனுப்புங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. இரண்டுக்கும் ரசீதை எடுத்து வையுங்கள்.

இறுதி விதிகள் அரசிதழில் பகுதி 3, பிரிவு 1(அ)-வில் வரும். வந்ததும் உங்கள் யோசனை என்ன ஆயிற்று என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமை விண்ணப்பம் போடலாம். பத்து ரூபாய், முப்பது நாள். 'என் ஆட்சேபணை மீது என்ன கருத்து எழுதப்பட்டது, கோப்புக் குறிப்பின் நகலைத் தாருங்கள்' என்று கேளுங்கள். 'ஏன் ஏற்கவில்லை?' என்று கேட்டால், விளக்கம் கேட்கிறீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள், காரணம் அதற்குள்ளேயே இருக்கும்.

நீதிமன்றம் கடைசி வழி. சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்யாது. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, அல்லது அரசியலமைப்புக்கு, அதிலும் அடிப்படை உரிமைக்கு முரண் என்று காட்ட வேண்டும். ஆன்லைன் சூதாட்டச் சட்டமே இதற்கும் உதாரணம். ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை 2023 மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் வந்த பிறகும், அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டியது.

வழக்கு வரை போகாமல் ஒரு விதியைக் கேள்வி கேட்கவும் இடம் உண்டு. சட்டத்தின் கீழ் செய்யப்படும் விதிகள் பொதுவாகப் பேரவையின் மேசையில் வைக்கப்படும். அவை மூலச் சட்டத்தின் வரம்பைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கப் பேரவையிலேயே சட்டவிதிகள் ஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டம் ஒன்று சொல்ல, விதி வேறொன்று சொல்கிறது என்று கண்டால், சட்டப் பிரிவையும் விதியையும் அடுத்தடுத்து எழுதி அந்தக் குழுவின் தலைவருக்குச் சென்னை 600 009 முகவரியிலேயே அனுப்புங்கள். நகல் ஒன்று உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு.